பொசுங்கியதும் எரிந்ததும்

க.பொ.த. சாதாரண தர வகுப்பிற் கற்கும் மாணவி ஒருவர் எமக்கு நீண்ட கடிதம் ஒன்று வரைந்திருக்கிறார். இப்பகுதிக்கு வரும் கடிதங்களிற் பெரும்பாலானவை ஒரு சொல்லின் பொருளைக் கேட்பவை. அன்றேல் ஒற்று மிகுமா மிகாதா என்று வினவுபவை. இக்கடிதமோ ஒரு முறைப்பாடு.

'மறக்க முடியாத நாள்' என்னும் தலைப்பில் வகுப்பிலே கட்டுரை எழுதச் சொன்னார்களாம். இவர் தம் தமக்கையாரின் திருமண நாளை எழுதினார். தாலி கட்டி முடிந்து, மணமக்கள் வலம் வரும் வேளையிலே, மணமகளின் கூறைச் சேலைத் தலைப்புக் குத்துவிளக்கின் சுடரிற் பட்டுவிட்டது. அருகில் நின்ற மாமி ஒருவர் சட்டென்று கையாற் பொத்தி அணைத்தார். இரண்டு விரற்கடை அளவு நிறம் மாறிய அவ்விடத்தை மடித்து உள்ளே செருகிவிட்டார். மண்டபத்தில் இருந்தோருள் அதனைக் கண்டவர் நால்வரோ ஐவரோதாம். 'அக்காவின் கூறைச் சேலைத் தலைப்புச் சற்றே பொசுங்கியது' என்று மாணவி எழுதினார். ஆசிரியர் 'சற்றே பொசுங்கியது' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, 'எரிந்தது' என்று மேலே எழுதிப் பக்கத்திற் 'பேச்சு வழக்கு' என்றும் குறித்துவிட்டார்.

கட்டுரைக் கொப்பி வீட்டுக்கு வந்தது. தாயார் எடுத்துப் படித்தார். "என்ன பிள்ளை, அக்காவின்ரை கூறை எரிஞ்சதெண்டு கிடக்குது? இதைப் படிக்கிற சனம் என்ன நினைக்கும்?" என்று மிகவும் மனம் நொந்தாராம். எழுதியது மகள் அன்று, திருத்தியவரே அவ்வாறு எழுதினார் என்று சொல்லியும் அவர் ஆறவில்லை.

மாணவியின் வினாக்கள் இரண்டு. பொசுங்குதல் என்பது ஏட்டில் எழுதத் தகாத சொல்லா? தகாததாயின், அன்று நடந்ததைத் தாம் எச்சொல்லால் எழுதியிருத்தல் வேண்டும்?

ஆசிரியரைக் குறைகூற நாம் விரும்பவில்லை. 'போட்டுது', 'கிடக்குது' என்று எழுதும் நாற்பது கொப்பிகளை ஓரிரவில் திருத்துபவரின் சிவப்புப் பேனா, வீட்டில் வழங்கும் சொல் எதைக் கண்டாலும் சற்று விரைந்தே பாயும். எனினும் இம்முறை பாய்ந்த இடம் பிழையானது. வின்சுலோ பாதிரியாரின் பேரகராதி 1862ஆம் ஆண்டில் வெளிவந்தது. சென்னையில் அச்சிடப்பெற்றதாயினும், அதற்கான சொற்றிரட்டு வேலை தொடங்கியது நமது யாழ்ப்பாணத்திலேதான். வின்சுலோவும் உடுவிலிற் பல்லாண்டு வாழ்ந்தவர். அவ்வகராதியிலும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிடப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலும் 'பொசுங்கு' என்னும் வினை இடம்பெற்றிருக்கிறது. வீட்டிலே வழங்குகின்றது என்பதனால் ஒரு சொல் இழிசொல் ஆகிவிடாது. அவ்வாறு ஆகுமாயின் 'அம்மா' என்ற சொல்லையும் வெட்டவேண்டி வரும்.

அச்சொல்லின் அமைப்பைப் பாருங்கள். பொசுங்கு என்பது தன்வினை. பொசுக்கு என்பது பிறவினை. அடங்கு, அடக்கு, முடங்கு, முடக்கு, வதங்கு, வதக்கு என்பவற்றோடு ஒரே வரிசையில் நிற்பது. மெல்லின ஒற்று வல்லின ஒற்றாகத் திரிந்து தன்வினை பிறவினையாகும் இம்முறையை மாணவர்கள் இலக்கண வகுப்பிற் கற்றிருப்பீர்கள். சேலை தானே பொசுங்கியது, எவரும் பொசுக்கவில்லை. ஓரெழுத்து மாறினால், மணவறையில் நின்ற யாரோ ஒருவர் மேல் பழி விழுந்திருக்கும்! 'எரிந்தது' என்று திருத்தியவர் நல்லவேளையாக 'எரித்தது' என்று எழுதவில்லை.

நெருப்பும் வெப்பமும் ஒரு பொருளுக்குச் செய்வனவற்றைச் சொல்ல நம் முன்னோர் ஒரு சொல்லோடு நின்றுவிடவில்லை. காய்தல், வாடுதல், வதங்குதல், சுடுதல், பொசுங்குதல், கருகுதல், தீய்தல், எரிதல், நீறுதல் என்று படிப்படியாகச் சொற்களை வைத்திருக்கிறார்கள். இவற்றுள் எது எங்கே முடிகிறது என்பதைப் பண்டிதர்களைவிட அடுப்படியில் நின்றவர்களே நன்கறிவர்.

வாழையிலையை எடுத்துக்கொள்வோம். சோற்றுப் பொதி கட்டுவதற்கு இலையைத் தணலின் மேல் ஒருமுறை இழுத்தெடுப்பார்கள். இலையின் மேற்பூச்சாக உள்ள மெழுகு இளகிப் பரவ, மங்கலாக இருந்த பச்சை பளபளத்துக் கரும்பச்சையாகும். மடித்தால் கிழிந்த இலை பிறகு துணி போல மடியும். இதனை இலையை 'வாட்டுதல்' என்கிறோம். எவரும் இலையைச் சுட்டேன் என்று சொல்வதில்லை. மூங்கிலைத் தணலில் வாட்டித்தான் நிமிர்த்துகிறார்கள். சளி பிடித்த குழந்தையின் நெஞ்சில் வைப்பதற்கு வெற்றிலையில் எண்ணெய் தடவி வாட்டிய பாட்டிமார் பலர். வாட்டுதலில் நெருப்புப் பொருளைத் தொடுவதில்லை. அதன் மூச்சுமட்டுமே படுகின்றது. சற்று அதிக நேரம் பிடித்தால் இலையின் ஓரம் சுருண்டு பழுப்பாகும். அக்கணத்தில் 'வாட்டுதல்' முடிந்து 'பொசுக்குதல்' தொடங்கிவிடுகிறது. பொதி கட்டுபவர் அந்த ஓரத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மிகுதியை வைத்துக்கொள்வார்.

பொசுங்குதலில் நெருப்பு உண்மையிலே தொடுகிறது. ஆனாற் பொருளின் உடலை அன்று. மயிர், நூல், இறகு, ஓரம் ஆகியவற்றைத்தான். கோழியின் மேனியில் எஞ்சிய மென்மயிரைப் போக்கவும், ஆட்டுக்காலைத் துப்புரவாக்கவும் சுவாலையில் காட்டிப் பொசுக்குவார்கள். இறைச்சி வேகுமுன் எடுத்துவிட வேண்டும் என்பதே அதன் இலக்கணம். நெசவாலைகளிலும் இதே வேலை நடைபெறுகிறது. சாயமிடுமுன், பருத்தித் துணியின் மேல் எழுந்து நிற்கும் நுண்ணிய பஞ்சிழைகளை நீக்குவதற்காகத் துணியை வாயுச் சுவாலைகளின் மேலாக நிமிடத்துக்கு நூறு மீற்றருக்கு அண்மித்த வேகத்தில் ஓடவிடுவார்கள். இழைகள் பொசுங்கிவிடும், துணிக்கு ஒன்றும் நேராது. வேகம் சற்றே குறைந்தால் ஆலையாரும் 'எரிந்தது' என்று எழுதவேண்டியதுதான்.

கூறைச் சேலை என்றதும் ஒரு பழைய காட்சி நினைவுக்கு வருகிறது. நமது குடும்பத்திற் பட்டு எடுக்கப் போகும்போது அப்புவையும் அழைத்துச் செல்வது வழக்கம். அவர் விலையைக் கேட்கமாட்டார். சேலையின் தலைப்பிலே தொங்கும் நூல் ஒன்றைப் பிய்த்தெடுத்து, கடைக்காரரிடம் நெருப்புப்பெட்டி வாங்கி, நூலின் நுனியைப் பொசுக்கி முகர்ந்து பார்ப்பார். நல்ல பட்டாயின் தலைமயிர் பொசுங்கும் நாற்றம் வரும். நுனியிற் கறுப்பாக உருளும் மணி விரலால் நசுக்கினாற் பொடியாகும். பருத்தியாயின் கடதாசி எரியும் மணமும் மென்மையான சாம்பலும். செயற்கை இழையாயின் உருகி, நசுக்க முடியாத கட்டியாக இறுகும். பட்டும் மயிரும் புரதத்தால் ஆனவை, பருத்தி செலுலோசால் ஆனது என்ற காரணத்தைப் பின்னாளில் விஞ்ஞானப் பாடத்திற் படித்தோம். அப்புவுக்குக் காரணம் தெரியாது, நாற்றம் தெரியும். கடைக்காரரின் முகம் அவ்வேளையில் வாடுவதும் உண்டு.

பொசுங்கல் நாற்றம் என்றால் இன்று நாற்பது ஐம்பது வயதைக் கடந்த வடபுலத்தார் பலருக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 1990ஆம் ஆண்டுக்குப் பின், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத நீண்ட ஆண்டுகள். மண்ணெண்ணெயும் அரிய பொருளாகிவிட்டது. ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு, அதன்மேல் அளந்து ஊற்றிய எண்ணெய், ஒரு நூற்றிரி: இவ்விளக்கைச் சுற்றி மூன்று பிள்ளைகள் குனிந்திருந்து பாடம் படித்தார்கள். வெளிச்சம் போதாமையால் தலைகள் விளக்கை நெருங்கும். தூக்கம் வர இன்னும் நெருங்கும். இருட்டிலிருந்து அம்மம்மாவின் குரல் வரும்: "பிள்ளை, நித்திரை தூங்காதை, தலைமயிர் பொசுங்குது!" கையால் தட்டிவிட்டுத் தடவிப் பார்த்தால், நெற்றிமயிர் சுருண்டு மணிமணியாகக் கையோடு வரும். மறுநாட் காலையில் வகுப்பறையில் யார் யார் இரவு படித்தார்கள் என்பதை ஆசிரியர்கள் அந்த மயிரைப் பார்த்தே அறிந்தார்கள். எம் தங்கையின் புருவம் ஒன்று பரீட்சைக்கு இருவாரம் முன்பு பாதியாகிவிட்டது. அவள் அழுதாள், பரீட்சைக்கும் போனாள். அத்தலைமுறைப் பெண் ஒருத்தியிடம் சென்று 'பொசுங்குதல்' தமிழன்று என்று சொல்லிப் பாருங்கள்.

இவ்வேளையில் வாசகர் சிலர் தடை ஒன்றை எழுப்பக்கூடும். 'பொசுங்கிச் சாம்பலாயிற்று' என்றும், 'எரித்துப் பொசுக்கினார்கள்' என்றும் எழுதுகிறார்களே. அங்கே பொசுங்குதல் முழு அழிவைத்தானே குறிக்கிறது என்பார்கள். உண்மைதான். அவ்வழக்கும் வேரூன்றிவிட்டது, அதைப் பிழை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அங்கெல்லாம் 'சாம்பல்', 'எரித்து' என்ற துணைச்சொற்களே பெரும் பாரத்தைச் சுமக்கின்றன. துணையின்றித் தனியே நிற்கும்போது அச்சொல் மயிரையும் நூலையும் ஓரத்தையுமே நாடுகிறது. மேலும் மாணவி 'சற்றே' என்ற அடையையும் கொடுத்திருந்தார். ஐயத்துக்கே இடமில்லை.

'சற்றே எரிந்தது' என்று எழுதினால் என்ன? எழுதலாம், ஆனால் எரிவது தானாக நிற்காது, எவரேனும் அணைக்கும்வரை வளரும். பொசுங்குவது பெரும்பாலும் சுடர் விலகியவுடன் நின்றுவிடும். 'கருகியது' என்பது மிக நெருங்கி வரும் சொல். என்றாலும் கருகுதல் நிறத்தைச் சொல்கிறதே அன்றி நெருப்புத் தொட்டதைச் சொல்வதில்லை. வெயிலிற் பயிரும் கருகும், சட்டியில் வெங்காயமும் கருகும், துயரத்தில் முகமும் கருகும். ஆகவே மாணவியின் இரண்டாவது வினாவுக்கு விடை இதுவே: அவர் எழுதிய சொல்லைவிடப் பொருத்தமான சொல்லை நாம் அறியோம்.

பயிர் என்று சொன்னோம். வன்னியிலே பெரும்போகத்து நெல் மழை பொய்த்து நிற்கும்போது கமக்காரர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். 'வாடிப்போச்சு' என்றால் இன்னும் நம்பிக்கை உண்டு. குளத்துத் தண்ணீரோ ஒரு மழையோ வந்தாற் பயிர் நிமிரும். 'கருகிப்போச்சு' என்றால் பாதிதான் தேறும். 'தீஞ்சு போச்சு' என்றால் மாட்டை அவிழ்த்துவிட வேண்டியதுதான். சேதத்தைப் பதிய வருபவர் இம்மூன்றையும் 'பாதிக்கப்பட்டது' என்ற ஒரே சொல்லில் எழுதிக்கொண்டு போய்விட்டால், வாடியவனுக்குத் தண்ணீரும் தீய்ந்தவனுக்கு நட்டஈடும் எவ்வாறு கிடைக்கும்?

தீய்தல் என்னும் சொல்லிலே தீயே இருக்கிறது. மலையாள நாட்டிலும் கன்னியாகுமரிப் பகுதியிலும் தேங்காய்ப்பூவைக் கருஞ்சிவப்பாக வறுத்தரைத்து வைக்கும் குழம்புக்குத் 'தீயல்' என்று பெயர். பெயரைக் கேட்டு அஞ்சவேண்டாம். தேங்காய் தீய்வதற்கு ஒரு நொடி முன்னதாகச் சட்டியை இறக்கிவிடுவதிலேதான் அதன் சுவை இருக்கிறது. நம் வீடுகளிற் கறித்தூளுக்கு மல்லி வறுக்கும் பெண்களும் அதே நொடியைத்தான் பார்த்து நிற்கிறார்கள்.

மாணவியின் ஆசிரியர் சிறிய தீயைப் பெரிய சொல்லால் எழுதினார். பெரிய தீயைச் சிறிய சொல்லால் எழுதுவோரும் உளர். அவர்களிடம் நமக்கு இவ்வளவு பொறுமை இல்லை. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 97,000 வரையான நூல்களும், மீண்டும் பெறமுடியாத ஏட்டுச் சுவடிகளும் தீக்கிரையாயின. தமிழ்ச் சொற்களின் பிறப்பை ஆராய்ந்து ஒப்பியல் அகராதி செய்வதிற் காலத்தைச் செலவிட்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள், அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார். சில ஆண்டுகளுக்கு முன் நாம் படித்த கட்டுரை ஒன்றில் அன்று 'சில நூல்கள் பொசுங்கின' என்று எழுதியிருந்தது. எழுதியவர் தெரியாமல் எழுதினாரோ, தெரிந்தே எழுதினாரோ, அறியோம். நம்மிடம் இருந்தது நீல மைப் பேனாதான். அவ்வரியை அதனால் வெட்டி, 'எரிக்கப்பட்டன' என்று எழுதி வைத்தோம். பொசுங்கிய நூலின் ஓரத்தை வெட்டிவிட்டு மீண்டும் கட்டலாம். நடுப்பக்கத்து எழுத்து நடுப்பக்கத்திலேயே இருக்கும். அன்றைய நூல்களுக்கு ஓரமும் இல்லை, நடுவும் இல்லை.

மனத்தைப் பற்றிய வழக்குகளையும் ஓரிரு வரியிற் சொல்லிவிடலாம். சுடுசொல் என்கிறோம், பொசுங்கு சொல் என்பதில்லை. திருவள்ளுவர் நாவினால் நேரும் காயத்தைத் தீயினால் நேரும் காயத்தோடு ஒப்பிட்டபோது சுடுதலையே எடுத்தாண்டார். பிறர் வாழ்வைக் கண்டு வயிறு எரிகிறது. மிளகாய் அரைத்த கை காந்துகிறது. பலர் முன்னிலையில் அவமானப்பட்டவன் பொசுங்கிப் போகிறான். அவன் எரிந்துவிடவில்லை, சுருங்கிவிட்டான். சிவப்பு மையைக் கண்ட அம்மாணவிக்கும் அதுவே நேர்ந்திருக்கும் என நினைக்கிறோம்.

அவருக்கு நாம் சொல்லக்கூடியது: பாடசாலை நூலகத்தில் அகராதி இருக்கும். அப்பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டை வைத்து ஆசிரியரிடம் எடுத்துச் செல்லுங்கள். வகுப்பில் எல்லாருக்கும் முன்பாக வேண்டாம், இடைவேளையிற் போங்கள். "ஐயா, இச்சொல் இருக்கிறதே" என்று மட்டும் சொல்லுங்கள். மிகுதியை அவர் பார்த்துக்கொள்வார். கட்டுரையை வேறு தாளிற் பழையபடி எழுதித் தாயாரிடம் கொடுத்துவிடுங்கள். மாமி மடித்துச் செருகிய அத்தலைப்பு இப்பொழுது எப்படி இருக்கிறது, வெட்டி ஓரம் தைத்தார்களா, அப்படியே பெட்டியில் வைத்திருக்கிறார்களா என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள்.

ஏனைய வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பாலோ கஞ்சியோ பானையின் அடியிற் கருகிப் பிடித்துக்கொள்வதை யாழ்ப்பாணத்தில் 'அடிப்பிடித்தல்' என்போம். அடியிற் பிடித்த சோற்றைத் தமிழகத்திற் சில பகுதிகளில் 'காந்தல்' என்பார்கள். மட்டக்களப்பிலும், மன்னாரிலும், மலையகத்திலும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதற்கு என்ன சொல்கிறார்கள்? ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்பினாற் போதும்.